ஓசூருக்கு பஸ் தனிவழி: ஸ்டேஷன் எங்கே, அதைச் சுற்றி என்ன வரணும்?

சூளகிரி சிவில்

2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரைக்கும் வந்ததிலிருந்து இங்கே எந்த இழையைத் திறந்தாலும் "ஓசூருக்கு மெட்ரோ எப்போ" என்ற பேச்சுதான். நான் வேறு ஒன்றைப் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன். ஜூஜூவாடியிலிருந்து ஊருக்குள் வந்து ராயக்கோட்டை ரோடு வரைக்கும் பஸ்ஸுக்கென்று தனிவழி. நடுவில் வேறு வண்டி நுழையாது, ஸ்டேஷனிலேயே டிக்கெட், பிளாட்பாரமும் பஸ்ஸின் தரையும் ஒரே மட்டம். நிமிஷத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு அறுபது பேர் என்று வைத்தாலும் ஒரு திசையில் மணிக்கு 3,600 பேர். இன்றைய ஓசூருக்கு அது சின்ன எண்ணிக்கை இல்லை.

ஆனால் என் கவலை பஸ்ஸைப் பற்றியது இல்லை. பஸ் வாங்கிவிடலாம், ரோடு போட்டுவிடலாம். ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற அந்த அரை கிலோமீட்டரில் என்ன இருக்கும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? ஒரு ஸ்டேஷனைச் சுற்றி 500 மீட்டருக்கு வட்டம் போட்டால் ஏறத்தாழ 194 ஏக்கர். அதில் ரோடு, பூங்கா, பள்ளிக்கூடம் என்று 40 சதவீதம் போனாலும் 1,200 சதுர அடியில் 4,200 மனை தேறும். மனைக்கு ஒரு தனி வீடு கட்டினால் 4,200 குடும்பம், அதோடு சரி. அதே மனையில் கீழே கடை, மேலே தளத்துக்கு ஒரு 600 சதுர அடி வீடாக மூன்று தளம் கட்டினால் 12,600 குடும்பம். மொத்தக் கட்டுமானம் 2,400 சதுர அடிதான். 2019 கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்குத் தருகிற தளப்பரப்புக் குறியீடு 2.0, அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். அதற்குள்ளேயே இது அடங்கிவிடுகிறது. கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் இருக்கிற இந்தக் கலப்புப் பயன்பாட்டுக்குப் பதினைந்து மாடி டவர் எதுவும் தேவையில்லை. நம்ம ஊர் பஜார் தெருவில் தாத்தா காலத்திலிருந்து கட்டிய மாதிரிதான்.

என் கோரிக்கை ஒன்றுதான். தனிவழி அறிவிப்பு வருவதற்கு முன்பே ஸ்டேஷன் இடங்களை முடிவு பண்ணி, அந்த வட்டங்களுக்குள் குறுக்குத் தெருக்களையும் வாடகை வீட்டுக்கான நிலத்தையும் ஊரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) குறித்துவிட வேண்டும். அறிவிப்பு முதலில் வந்தால் மறுநாளே கல் நட்டு மனை விற்றுவிடுவார்கள். விமான நிலையப் பேச்சு வந்தபோது நிலத்தின் விலை என்ன ஆனது என்பதை எல்லோரும் பார்த்தோம்.

பாலக்கோட்டுப் பொண்ணு

அண்ணா, கணக்கு புரியுது. நான் செகண்ட் ஷிப்ட் பார்க்கிறவளா என் பக்கத்தைச் சொல்றேன்.

கம்பெனி பஸ் எல்லாருக்கும் கிடையாது. கான்ட்ராக்ட்ல இருக்கிற எங்களை மாதிரி ஆளுங்க லைன் பஸ்ஸுக்குத்தான் நிக்கணும். ராத்திரி பத்தேகால், பத்தரை. மெயின் ரோட்டுக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவுல இரும்புத் தடுப்பு. மொபசல் பஸ் சர்வீஸ் ரோட்டுக்குள்ள வராது, மெயின் ரோட்டுலயே நிறுத்துவாங்க. சுடிதார் துப்பட்டாவை இடுப்புல கட்டிக்கிட்டு அந்தத் தடுப்பைத் தாண்டித்தான் ஏறணும். பின்னாடி அரை கிலோமீட்டருக்கு ஃபேக்டரி காம்பவுண்ட் சுவர். கடை கிடையாது, ஜன்னல் கிடையாது. கத்தினாலும் கேக்க ஆள் கிடையாது. விடியல் பயணத்துல டவுன் பஸ் இலவசம்தான், அது பெரிய உதவி, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா பஸ்ஸை விட்டு இறங்கின அப்புறம் ரூம் வரைக்கும் நடக்கிறதுதான் எங்களுக்குப் பயம்.

அதனால "கலப்புப் பயன்பாடு"ன்னு நீங்க சொல்றது எங்களுக்கு இப்படித்தான் தெரியும்: ராத்திரி பத்தரைக்கும் ஒரு மெஸ் திறந்திருக்கணும், மெடிக்கல் ஷாப் திறந்திருக்கணும், மேல மாடியில குடும்பம் இருக்கணும், பால்கனியில லைட் எரியணும். ஆபீஸ் மட்டும் கட்டினீங்கன்னா ஆறு மணிக்கு மேல அதுவும் இன்னொரு காம்பவுண்ட் சுவர்தான்.

பாகலூர் ரோடு வியாபாரி

எல்லாம் நல்லா இருக்கு. நான் ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன், என் சந்தேகத்தையும் கேளுங்க.

டெல்லியில் இதே பஸ் தனிவழியை, பி.ஆர்.டி. என்று போட்டார்கள், எடுத்தார்கள். போபாலில் போட்டார்கள், 2024ல் இடிக்க ஆரம்பித்தார்கள். இந்தூரிலும் அதே கதை. கோடிகளைக் கொட்டிப் போட்டு, அப்புறம் இடிக்கவும் காசு. அந்த ஊர்களில் எல்லாம் படித்த இன்ஜினியர் இல்லையா?

எங்கள் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று முன்பு ஒருதடவை கடை முகப்பில் ஆறடி எடுத்தார்கள். ஷட்டரைப் பின்னால் தள்ளி வைத்தேன், படியை இடித்தேன், என் செலவில். நடைபாதை வரும் என்றார்கள். வரவில்லை. அந்த ஆறடியில் இன்றைக்கு டிரான்ஸ்பார்மரும் திறந்த சாக்கடையும் ஷேர் ஆட்டோவும். மறுபடியும் இடம் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். என் கடைக்கு வருகிறவர்கள் பத்து நீளக் குழாய், நாலு மூட்டை சிமென்ட் என்று வாங்குகிறவர்கள். அதை பஸ்ஸில் ஏற்றிப் போவார்களா? கடை முன்னால் வண்டி நிற்க இடம் இல்லை என்றால் என் வியாபாரம் போயிற்று. ஸ்டேஷன் பக்கத்தில் பெரிய மால் வரும், எங்களைப் போன்றவர்கள் காலி. இதற்கு நேரான பதில் சொல்லுங்கள்.

வரைபடம்

ஓய்வு பெற்ற சர்வேயர் நான். வியாபாரி சார் கேட்டது நியாயமான கேள்வி, பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் போட்டது அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர். 2008ல் திறந்து 2016ல் எடுத்தார்கள். பஸ் வழி ரோட்டின் நடுவில், நிறுத்தமும் நடுவில், சிக்னலை ஒட்டி. ஒவ்வொரு பயணியும் ஓடுகிற கார்களுக்குக் குறுக்கே போக வேண்டும். சந்திப்பில் சிக்னல் நேரம் நீண்டதால் காரும் நின்றது, பஸ்ஸும் நின்றது. அந்த 5.8 கிலோமீட்டருக்கு அப்பால் பஸ் பழையபடி நெரிசலில் மாட்டியது. ரோட்டோரத்தில் இருந்த நிலத்தின் பயன்பாட்டை மாற்ற யாரும் முயலவில்லை. நாலு பேர் பஸ்ஸில் ஏற ஊர் இல்லாமல், காரில் போகிறவர்களின் கோபம் மட்டும் மிஞ்சினால் எந்த அரசியல்வாதிதான் அதைக் காப்பாற்றுவார்?

இப்போது பிரேசிலில் குரிடிபா. 1966ல் முழுமைத் திட்டம், 1974ல் முதல் பஸ் வழி. அவர்கள் செய்த காரியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தெருக்களின் அமைப்பு. ஒரே ரோட்டில் எல்லாவற்றையும் திணிக்கவில்லை. நடுத்தெருவில் பஸ் வழி, அதன் இரண்டு பக்கமும் மெதுவாகப் போகிற வண்டிக்கும் கடைக்குச் சரக்கு இறக்குவதற்கும் உள்ளூர்ப் பாதை. வேகமாக ஊரைத் தாண்டிப் போகிற கார், லாரிக்கு ஒரு பிளாக் தள்ளி இரண்டு பக்கமும் ஒருவழிச் சாலைகள். இந்த மூன்று தெருக்களுக்கு இடைப்பட்ட பிளாக்குகளில்தான் அதிக அடர்த்திக்கு அனுமதி, கீழ்த்தளங்களில் கடை. அங்கிருந்து தள்ளிப் போகப் போகக் கட்டடத்தின் உயரம் குறைந்துகொண்டே போகும். ஆக வியாபாரி சாரின் கடை முன்னால் வண்டி நிற்கும். நிற்காமல் போகிற லாரிதான் அங்கே இருக்காது.

இதை ஓசூருக்கு வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. தனிவழி 44ஆம் நெடுஞ்சாலையின் நடுவில் போகவே கூடாது. சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு லாரி எல்லாம் ஓடுகிற சாலை அது. கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ பஸ் தனிவழி உலகமெல்லாம் பெயர் வாங்கியது. ஆனால் அதன் வடக்கு நெடுஞ்சாலைப் பகுதியில் ஸ்டேஷனுக்குப் போக நீளமான இரும்பு மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் வேகச் சாலை இருந்தால் ஸ்டேஷனைச் சுற்றித் தெரு வாழ்க்கை எப்படி முளைக்கும்? நம்மிடம் ஊருக்குள் பழைய பெங்களூர் ரோடு இருக்கிறது. நெடுஞ்சாலை லாரிக்கு, பழைய ரோடு பஸ்ஸுக்கு. குரிடிபா மெனக்கெட்டு அமைத்ததில் பாதி நமக்குத் தானாகவே அமைந்திருக்கிறது.

அத்திப்பள்ளி டூ ஓசூர்

ஐயா, கர்நாடகா பஸ் இந்த வழியில் வர முடியுமா? என்னை மாதிரி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்கள் எல்லையில் இறங்கி மாறுகிற நிலை தொடர்ந்தால் தனிவழியால் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

வரைபடம்

இரண்டு மாநிலமும் பரஸ்பர ஒப்பந்தம் போட்டுத்தான் எந்த பஸ் எத்தனை நடை என்று முடிவு செய்கின்றன. அது பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது: பஸ்ஸின் கதவு.

அகமதாபாத்தின் பஸ் தனிவழியான ஜன்மார்க் 2009ல் வந்தது. ஸ்டேஷன் நடுத்திட்டில், இரண்டு திசைக்கும் ஒரே பிளாட்பாரம், அதனால் பஸ்ஸின் கதவு வலது பக்கம். ஹூப்ளி–தார்வாட்டில் 2018ல் ஓட ஆரம்பித்ததும் அதே மாதிரி. அந்த வழிக்கென்றே வாங்கிய பஸ்தான் அந்த ஸ்டேஷனில் ஆள் ஏற்ற முடியும். நம்ம தருமபுரி மண்டல பஸ், கர்நாடகா பஸ், கம்பெனி பஸ் எல்லாவற்றுக்கும் கதவு இடது பக்கம். அதே டிசைனைக் காப்பி அடித்தால் நேற்று வரை ஓசூருக்குள் வந்த அத்தனை பஸ்ஸும் தனிவழிக்கு வெளியேதான் நிற்கும்.

சீனாவில் குவாங்சோவில் 2010ல் 22.5 கிலோமீட்டருக்குப் போட்டார்கள். அங்கே பல ரூட் பஸ்கள் சாதாரண ரோட்டில் ஓடி வந்து தனிவழிக்குள் நுழைந்து, நெரிசல் பகுதியைத் தாண்டியதும் வெளியேறிவிடும். பயணி மாற வேண்டியதில்லை. ஓசூருக்கு அந்த முறைதான் பொருந்தும். பிளாட்பாரத்தை இடது பக்கம் வையுங்கள், ஒரு பஸ் நிற்கும்போது இன்னொன்று தாண்டிப் போக ஸ்டேஷன் இடத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வழி விடுங்கள். தேன்கனிக்கோட்டை, சூளகிரி, ராயக்கோட்டை பஸ் எல்லாம் அதே வழியில் வந்து போகலாம். கிருஷ்ணகிரி வரைக்கும் தனிவழி போட வேண்டிய அவசியமும் இல்லை. ஊருக்குள் இருக்கிற நெரிசலைத் தாண்டத்தானே தனிவழி.

ரோஜாத் தோட்டம்

நான் விவசாயி. பசுமைக் குடிலில் ரோஜா போட்டிருக்கிறேன், ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம். சிவில் தம்பி போட்ட 194 ஏக்கர் வட்டத்தில் என் நிலமும் விழும் போலிருக்கிறது. அதனால் கேட்கிறேன், நிலத்துச் சொந்தக்காரனுக்கு இந்தத் திட்டத்தில் என்ன இடம்?

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். கிழக்கே ஒரு லேஅவுட், மேற்கே ஒரு லேஅவுட். இரண்டும் முறையாக அனுமதி வாங்கியவைதான். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி இல்லை. நடுவில் ஒரு காம்பவுண்ட் சுவர், மேலே கண்ணாடிச் சில்லு. கிழக்கு லேஅவுட்டின் கடைசி வீட்டுக்காரம்மா மேற்குப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தை மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் மெயின் ரோட்டுக்கு வந்து, லாரிக்கு நடுவே நடந்து, அடுத்த வளைவுக்குள் நுழைந்து உள்ளே போக வேண்டும். சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள் பிள்ளைகள். அதையும் சங்கம் அடைத்துவிட்டது, மனையின் மதிப்பு குறையும் என்று.

நீங்கள் ஸ்டேஷன் கட்டினாலும் இந்த மாதிரி சுவர் இருந்தால் வட்டத்துக்குள் இருக்கிற வீடும் வட்டத்துக்கு வெளியே இருக்கிற மாதிரிதான்.

சூளகிரி சிவில்

ஐயா சொன்ன அந்தச் சுவர்தான் நான் பேச வந்த விஷயத்தின் அடிப்படை. ஒவ்வொரு லேஅவுட்டும் தன் மனைக்கு மட்டும் ரோடு போடுகிறது. ஊருக்கு ரோடு போட யாருமே இல்லை.

குஜராத்தில் நகரமைப்புத் திட்டம் என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு பகுதியின் எல்லா நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, ரோட்டுக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கும் ஏழைகளின் வீட்டுக்கும் பங்கு எடுத்துக்கொண்டு, மீதியைச் சீரான மனைகளாக அவரவருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். பரப்பு குறையும், மதிப்பு கூடும். நிலத்தை யாரும் முழுசாக இழக்க வேண்டியதில்லை. அகமதாபாத்தின் பெரும்பகுதி இப்படித்தான் ரோடு வாங்கியது. நம்ம 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் இப்படி நிலத்தை ஒன்றுசேர்த்துப் பிரிக்கிற நிலத் திரட்டுக்கு இப்போது இடம் இருக்கிறது.

ரோஜாத் தோட்டம்

தம்பி, எனக்கு இரண்டு பயம். திருப்பிக் கொடுக்கிற மனை என் நிலம் இருந்த இடத்திலேயே இருக்குமா, இல்லை ஏரிக்கரையில் மூலைக்குத் தள்ளுவார்களா? இரண்டாவது, முடியப் பத்து வருஷம் ஆகும் என்றால் அதுவரை நான் பயிர் வைக்கலாமா கூடாதா? பசுமைக் குடிலுக்குக் கடன் வாங்கி பாலித்தீன் மாற்றுகிறவனுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் எழுத்தில் பதில் கொடுத்தால் நான் மட்டும் இல்லை, எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கையெழுத்துப் போடுவார்கள். வாய்ச்சொல்லுக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள்.

தருமபுரி நாலுரோடு

ஓசூர்க்காரர்களுக்கு வணக்கம். தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு தனிவழி கேட்க மாட்டேன், எங்கள் அளவுக்கு அது தேவையில்லை. இரண்டு விஷயம் மட்டும்.

முதலாவது தண்ணீர். குடும்பக் கணக்கை 4,200லிருந்து 12,600 ஆக்குகிறீர்கள். தண்ணீர்க் கணக்கை யாரும் போடவில்லை. நம்ம இரண்டு மாவட்டத்துக்கும் ஃபுளோரைடு இல்லாத தண்ணீர் கிடைத்ததே 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான். போரில் வந்த தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட தலைமுறை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இன்னொரு பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதை நீங்களே பார்க்கிறீர்கள். ஸ்டேஷன் வட்டத்துக்குள் வருகிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் பாதாளச் சாக்கடை இணைப்பும் சுத்திகரித்த நீரைக் கழிவறைக்குத் திருப்புகிற இரட்டைக் குழாயும் முதலிலேயே கட்டாயமாக வேண்டும். அப்புறம் சேர்க்கலாம் என்றால் அது செப்டிக் டேங்க் லாரியில்தான் முடியும்.

இரண்டாவது, பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகிற பழக்கம். தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. வெளியே நிலம் மலிவு, நெரிசல் குறையும் என்கிறார்கள். கிளாம்பாக்கத்தை 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. சென்னையில் அத்தனை வசதி இருந்தும் ஜனங்கள் பெட்டி படுக்கையோடு அலைந்தார்கள். எங்கள் ஊரில் டவுன் பஸ் நிலையமும் வெளியூர் பஸ் நிலையமும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கின்றன. அரூரிலிருந்து வருகிற அம்மா இறங்கி, மருந்து வாங்கி, பத்திர எழுத்தரைப் பார்த்து, பென்னாகரம் பஸ் பிடிக்க ஆட்டோவே தேவையில்லை. நீங்கள் புதிதாகக் கட்ட நினைக்கிறது எங்களிடம் அழுக்காகவும் நெரிசலாகவும் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து, மேலே இரண்டு தளம் எழுப்பி, நடைபாதை போட்டாலே போதும். மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதை முடியும்போதும் ஸ்டேஷனைச் சுற்றி இதையே கேட்போம். அந்தப் பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடுக்கப்பட்டது, மறுபடியும் வர இத்தனை காலம். வருகிறதாவது சரியாக வரட்டும்.

பாலக்கோட்டுப் பொண்ணு

தருமபுரி அண்ணா சொன்னது ரொம்பச் சரி. எங்க அம்மா பாலக்கோட்டுலருந்து தருமபுரி வந்தா அப்படித்தான் நாலு வேலையை ஒரே நடையில முடிப்பாங்க.

வாடகையைப் பத்தி யாரும் பேசல. ஸ்டேஷன் வந்தா வாடகை ஏறும். இப்பவே மூக்கண்டப்பள்ளியில ஒரு ரூம்ல நாலு பேர், அட்வான்ஸ் தனி. ஸ்டேஷன் கிட்ட இருக்கிற ரூம் எல்லாம் ஐ.டி. ஆளுங்களுக்குப் போயிட்டா நாங்க இன்னும் ரெண்டு கிலோமீட்டர் உள்ள போவோம். அப்ப பஸ் வழி யாருக்கு?

வல்லம் வடகால்ல சிப்காட் 18,720 பேர் தங்குற பெண்கள் விடுதி கட்டி 2024ல திறந்தாங்க. நல்ல கட்டடம்னு அங்க இருக்கிற தோழி சொன்னா. அது மாதிரி இங்கயும் வேணும். ஆனா ஒரே இடத்துல பெரிய கேட் போட்டு, செக்யூரிட்டி வச்சு, ஊரை விட்டுத் தள்ளி வேண்டாம். இருநூறு பேர், முன்னூறு பேர் தங்குற விடுதியா பிரிச்சு ஒவ்வொரு ஸ்டேஷன் பக்கத்துலயும் ஒண்ணு கட்டட்டும். கீழ மெஸ், தையல் கடை, பிள்ளைங்க காப்பகம். கல்யாணம் ஆனதும் விடுதியை விட்டு வெளிய போகணும்னா பக்கத்துத் தெருவுலயே சின்ன வீடு வாடகைக்குக் கிடைக்கணும். 600 சதுர அடி கூட வேண்டாம், 350 போதும் முதல்ல.

வரைபடம்

அம்மா, நீ கேட்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. குரிடிபா நகராட்சி பஸ் வழித்தடங்களை ஒட்டி முன்கூட்டியே நிலம் வாங்கி, குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு கட்ட ஒதுக்கியது. பொகோட்டாவில் 1999ல் மெட்ரோவிவியெந்தா என்று ஒரு பொது நிறுவனம் தொடங்கினார்கள், டிரான்ஸ்மிலேனியோ எட்டப்போகிற ஓரப்பகுதிகளில் விலை ஏறுவதற்கு முன் நிலம் வாங்குவதுதான் அதன் வேலை. விலை ஏறிய பிறகு அரசாங்கமே ஆனாலும் வாங்க முடியாது.

அகமதாபாத்தில் பஸ் வழிக்கு இரண்டு பக்கமும் 200 மீட்டருக்குத் தளப்பரப்புக் குறியீட்டை 4 வரைக்கும் தூக்கினார்கள், கூடுதல் பரப்புக்குக் காசு வாங்கிக்கொண்டு. நம்மிடமும் பிரீமியம் உண்டு, கட்டணம் கட்டிக் கூடுதலாகக் கட்டிக்கொள்கிற பரப்பு: சாலை 18 மீட்டருக்கு மேல் என்றால் 50 சதவீதம், 12லிருந்து 18 என்றால் 40, 9லிருந்து 12 என்றால் 30. அந்தப் பணம் வசூலான ஸ்டேஷன் வட்டத்திலேயே நடைபாதைக்கும் விடுதிக்கும் செலவாக வேண்டும். இல்லையென்றால் அடர்த்தி மட்டும் ஏறும், தெரு அதே தெருவாக இருக்கும்.

பாகலூர் ரோடு வியாபாரி

இரண்டு தெருப் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது, நெடுஞ்சாலை வேறு, பஸ் தெரு வேறு. அப்படியென்றால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் என் நிபந்தனையையும் எழுதிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் சரக்கு இறக்க வழி. குறுக்குத் தெருவில் வண்டி நிறுத்தக் கட்டண இடம். முகப்பில் எவ்வளவு எடுக்கிறார்களோ அதற்கு ஈடாக மேலே ஒரு தளம் கட்ட பிரீமியம் கட்டணம் இல்லாமல் அனுமதி. நடைபாதையை முதலில் போடட்டும், பஸ் வழியை அப்புறம் போடட்டும்.

ஒன்றை விட்டுவிட்டீர்கள். பூக்காரம்மா, தள்ளுவண்டி இட்லி, தேங்காய்க் கடை. ஸ்டேஷன் வாசலில் இவர்கள் வரத்தான் செய்வார்கள். போலீஸ் விரட்டும், மறுநாள் வருவார்கள். 2014ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் இவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. ஸ்டேஷன் வரைபடத்திலேயே தண்ணீர்க் குழாயோடு, விளக்கோடு இவர்களுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டால் நடைபாதையும் மிஞ்சும், என் கடை வாசலும் மிஞ்சும்.

அத்திப்பள்ளி டூ ஓசூர்

நிறுத்தங்களின் பட்டியல் ஒன்று போடலாமே? எல்லோரும் பொதுவாகவே பேசுகிறோம்.

சூளகிரி சிவில்

முழுப் பட்டியல் வேண்டாம். மூன்று இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம், மூன்றும் வேறு வேறு மாதிரி.

தர்கா, மூக்கண்டப்பள்ளிப் பகுதி. இங்கே வேலை இருக்கிறது, வீடும் இருக்கிறது, நடுவில் சுவர்கள் இருக்கின்றன. புதிதாக உயரக் கட்டடம் எதுவும் இங்கே அவசரமில்லை. ஃபேக்டரிகளின் சுவரை ஒட்டி நடைபாதை, விளக்கு, சுவரில் இரண்டாவது கேட். சர்வீஸ் ரோட்டைப் பார்த்த பக்கம் பத்தடி ஆழத்துக்கு ஒரு வரிசைக் கடை கட்ட நிர்வாகங்கள் ஒத்துக்கொண்டால் அந்த அரை கிலோமீட்டரும் உயிர் பெறும். பெண்கள் விடுதி இங்கேதான் முதலில் வர வேண்டும்.

பஸ் நிலையம். இங்கே ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது, நடக்க மட்டும் இடம் இல்லை. நடைபாதை, நிழல், ரயில் நிலையம் வரைக்கும் தடையில்லாத பாதை, அவ்வளவுதான்.

ராயக்கோட்டை ரோட்டின் கடைசி ஸ்டேஷன்தான் எல்லாவற்றிலும் முக்கியம். இன்னும் நிலம் காலியாக இருக்கிறது, ஐயாவின் ரோஜாத் தோட்டம் மாதிரி. இங்கே நிலத் திரட்டு முடியாமல் ஒரு லேஅவுட்டுக்கும் அனுமதி தரக் கூடாது. நூறு மீட்டருக்கு ஒரு குறுக்குத் தெரு, எந்தத் தெருவும் முட்டுச்சந்தாக முடியக் கூடாது, இரண்டு லேஅவுட்டுக்கு நடுவில் சுவர் கூடாது. 500 மீட்டருக்குள் தனி வீடு மட்டும் என்ற நிபந்தனையோடு மனை விற்கக் கூடாது. ஐயா கேட்ட இரண்டு கேள்விக்கும் பதிலை அறிவிப்பிலேயே எழுத வேண்டும்: திருப்பித் தரும் மனை அதே புல எண்ணை ஒட்டியே இருக்கும், கடைசி ஒதுக்கீடு வரைக்கும் பயிர் வைக்கலாம்.

சட்டப்படி முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானால் ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். அந்த இரண்டு மாதம் தொடங்கும்போது நம் மனு தயாராக இருக்க வேண்டும். நான் இந்த இழையை வைத்து ஒரு வரைவு எழுதுகிறேன்.

வரைபடம்

எழுது தம்பி. ஆனால் "ராயக்கோட்டை ரோட்டுப் பகுதி" என்று பொதுவாக எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு எண் போட்டு, எந்த எண்ணின் எந்த எல்லையில் குறுக்குத் தெரு வேண்டும் என்று எழுது. புலப்பட நகல் இணையத்திலேயே கிடைக்கிறது. வட்டத்துக்குள் வருகிற புல எண்களை நான் தொகுத்துத் தருகிறேன். ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்பதையும் அதிலேயே குறித்துவிடுகிறேன், பலர் அதன் மேல்தான் ரோடு வரைகிறார்கள்.

ரோஜாத் தோட்டம்

எங்கள் பக்கத்தில் புல எண் தெரிந்தவர்கள் நாலு பேரைக் கூட்டி வருகிறேன் ஐயா. பழைய வண்டிப்பாதை இரண்டு இருக்கிறது, படத்தில் இருக்கும், தரையில் வேலி போட்டுவிட்டார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டுப் பொண்ணு

மூக்கண்டப்பள்ளி பக்கம் எந்தெந்தச் சுவர்ல கேட் வேணும், எங்க லைட் இல்லன்னு நாங்க எழுதித் தர்றோம். எங்க ரூம்லயே மூணு ஷிப்ட்டுக்கும் ஆள் இருக்கோம். மனுவுல கீழ கையெழுத்துப் போட பெண்களுக்குன்னு தனிப் பக்கம் விடுங்க அண்ணா, நிறையப் பேர் போடுவாங்க.